பின் சீட் உறையைக் கிழித்தவள்

மகனே, இதைப் படித்து முடித்ததும், முடிந்தால் படிப்பதற்கு முன்பே, சிதம்பரத்துக் கல்யாண மண்டப வாட்ச்மேனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேள். உன் புதுக் காரின் பின் சீட் உறையைக் கிழித்தது அவர் இல்லை. பார்க்கிங்கில் நின்றிருந்த டிரைவர்களும் இல்லை. நான்தான். மண்டபத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கி, புடவைப் பை எடுக்க வேண்டும் என்று உன்னிடமே சாவியை வாங்கிக்கொண்டு போய், பட்டுப்புடவையோடு பின் சீட்டில் மண்டியிட்டு நிதானமாகக் கிழித்தேன்.

உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் உன் மச்சான் பிரபு எடுத்த வீடியோ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் இந்தக் கடிதமும் அங்கேயே வரட்டும். அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். உன் மகள் இனியா, நான்கு வயதுக் குழந்தை, ஓடுகிற காரின் கூரைக் கண்ணாடியைத் திறந்து இடுப்பு வரை வெளியே நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிறாள். கீழே வரிசையாக இதயங்கள். மகாராணி மாதிரி இருக்கிறாளாம். அந்த வீடியோ ஏன் பாதியிலேயே நிற்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா? கார் பிரேக் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றுவிடுகிறது. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

உனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. கார்ப் பைத்தியம் உனக்கு வந்ததே என்னிடமிருந்துதான். நம் வீட்டில் உன் அப்பாவுக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று இன்றுவரை தெரியாது. கடலூரில் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டினாலே திரும்பிப் பார்த்த காலத்தில் நான் தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் கார் பழகினேன். ஆபீஸ் முடிந்து வந்து, கார்ப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பேன், நீ என் மடியில் படுத்துக்கொண்டு படம் பார்ப்பாய். ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை மட்டும் கேட்டு அது என்ன வண்டி என்று சொல்ல உனக்கு ஆறு வயதிலேயே தெரியும். நம் பழைய சின்னக் காரில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஏறினாலும் பெல்ட் மாட்டும் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும், அதுவரை நான் கியர் போட மாட்டேன். பின் சீட்டில் நீ காதைத் தீட்டிக்கொண்டு எண்ணுவாய். எல்லா டிக்கும் வந்த பிறகு கண்டக்டர் மாதிரி "போலாம் ரைட்" என்று குரல் கொடுப்பாய். உன் பெரியப்பா ஒருமுறை, மஞ்சக்குப்பத்திலிருந்து பக்கத்தில் இருக்கிற திருப்பாதிரிப்புலியூர் போவதற்கு இதெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொண்டபோது, "டிக் வராம அம்மா எடுக்க மாட்டாங்க பெரியப்பா, நாம இங்கயேதான் உக்காந்திருக்கணும்" என்று சொன்னவன் நீ. அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து கார் வாங்கினான். எப்படி வாங்கினாய்! மோதல் சோதனை வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாய். பொம்மை மனிதர்களை உட்கார வைத்துச் சுவரில் கொண்டுபோய் மோதுவார்களே, அந்த வீடியோக்களை எனக்கும் அனுப்பி, இந்தக் காரில் பொம்மையின் தலை எங்கே போகிறது பாருங்கள், அந்தக் காரில் எங்கே போகிறது பாருங்கள் என்று பாடம் எடுத்தாய். ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார்தான் வேண்டும், குழந்தை இருக்கிறது என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்தது. திருவந்திபுரம் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பிள்ளை யோசித்து வாங்கியிருக்கிறான் என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

அந்த நட்சத்திரங்களை நீ என்ன செய்தாய்? பூஜை முடிந்து நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போனாய். சீட்டுக்கு உறை தைத்துப் போட்டார்கள். முன் சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய குட்டித் துணிப்பட்டி ஒன்று இருந்தது, இடித்தால் பக்கவாட்டில் காற்றுப் பை வெடித்து வெளியே வரும் இடம் அது. அதன் மேல் தடித்த உறையை இழுத்துத் தைத்துவிட்டார்கள். பின் சீட்டில் பெல்ட்டை மாட்டும் லாக்குகளை அப்படியே கீழே அமுக்கி, மேலே உறையை மூடிவிட்டார்கள். பின்னால் இருப்பவர்கள் பெல்ட்டை இழுத்தாலும் மாட்டுவதற்கு இடம் கிடையாது. இதெல்லாம் போதாதென்று, கார் புதுசு என்பதால் கடைக்காரர் அன்பளிப்பாக ஒரு கிளிப் கொடுத்தார். பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கார் 'பீப் பீப்' என்று கத்துமே, கத்தாமல் இருக்க லாக்கில் சொருகும் வெறும் உலோக நாக்கு. அதன் தலையில் பிள்ளையார் படம் வேறு! கார் கத்துவது உன் உயிருக்காக. அதன் வாயைப் பொத்துவதற்கு ஒரு சாமான் செய்து, அதில் சாமி படம் ஒட்டி, பூஜை போட்ட அன்றைக்கே கையில் கொடுக்கிறார்கள், நீயும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாய்.

சட்டம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. காரில் அந்த பீப் சத்தம் வர வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சத்தத்தை நிறுத்தும் கிளிப்போ, பட்டப்பகலில் கடை வாசலிலேயே தொங்குகிறது. செக்போஸ்ட் வந்தால் நம் ஆட்கள் செய்வதை நீயே பார்த்திருப்பாய். பெல்ட்டை இழுத்து நெஞ்சின் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார்கள், லாக்கில் மாட்ட மாட்டார்கள். போலீஸ்காரரைத் தாண்டியதும் கையை விட்டுவிடுவார்கள். அபராதத்துக்குப் பயப்படுகிறோம், எதிரே வருகிற லாரிக்குப் பயப்படுவதில்லை. லைசென்ஸ் கொடுக்கும்போது கொஞ்ச தூரம் நேராக ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி வந்தவர்கள்தான் நாற்சந்தியில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு 'நேராகப் போகிறேன்' என்கிறார்கள். நின்றுபோன வண்டிக்கு எச்சரிக்கையாகப் போட வேண்டிய விளக்கு அது. பக்கவாட்டில் இருந்து பார்ப்பவனுக்கு ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும், வண்டி திரும்பப் போகிறது என்று நினைத்துக் குறுக்கே வருவான். யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? ராத்திரி எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை விளக்கைத் தனியாக வாங்கி மாட்டுகிறான். கேட்டால் எனக்கு நன்றாகத் தெரிகிறதே என்கிறான். புதுக் கார்களிலோ ஏசியைக் குறைக்க ஒரு திருகு கிடையாது. ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து டிவி மாதிரி இருக்கும் திரையில் விரலால் தேட வேண்டும். என் பழைய காரில் எதையும் பார்க்காமல் கையாலேயே தொட்டுக் கண்டுபிடிப்பேன். இதைச் சொன்னால் எனக்கு வயதாகிவிட்டது என்று சிரிக்கிறாய். சிரித்துக்கொள்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். என் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் கிளம்பினோம். நீ ஓட்டினாய், பக்கத்தில் பிரபு. பின்னால் நான், உன் அப்பா, உன் மனைவி கவிதா, அவள் மடியில் இனியா. ஏறியதும் கை தானாக பெல்ட்டைத் தேடியது. லாக் இல்லை. கேட்டதற்கு நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாய்.

"அது கவர் அடியில இருக்கும்மா. பின் சீட்ல யாரும்மா பெல்ட்டு போடுறா?"

நான் வாங்கி அனுப்பிய குழந்தை சீட் எங்கே என்று கேட்டேன். இடத்தை அடைக்கிறது, பரணில் போட்டிருக்கிறேன் என்றாய். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, சம்பந்தி வீட்டுப் பையன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், கல்யாணத்துக்குப் போகிற வழியில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பிரபு குழந்தையை முன்னால் வாங்கினான். கூரைக் கண்ணாடி திறந்தது. அவன் தொடை மேல் அவளை நிற்க வைத்து, ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை மேலே நீட்டினான். உள்ளே இறக்கு என்று நான் சொன்னேன். "மச்சான் புடிச்சிருக்காரும்மா, சும்மா வாங்க" என்றாய். மறுபடியும் சொன்னேன். உன் அப்பாவும் என் கையைத் தட்டி, பேசாமல் இரு என்றார்.

தை மாதம், புதுச்சத்திரம் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அறுத்த நெல்லை ரோட்டிலேயே கொட்டிக் காய வைத்திருப்பார்கள், சுற்றிலும் கல்லும் முள்ளும் வைத்து. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, காய வைக்கக் களம் கொடுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த நெல்லைச் சுற்றிக்கொண்டு, நம் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஒரு டூவீலர்காரர் வந்தார். திரும்பும் இடம் வரை போய் வர அவருக்கு அலுப்பு. நீ அவரைப் பார்க்கவில்லை. உன் கண் பிரபுவின் போன் மேல் இருந்தது. உன் கார் பார்த்தது. கார் தானாகவே பிரேக் அடித்தது. அப்படி ஒரு பிரேக்கை என் வாழ்நாளில் நான் அடித்ததில்லை. நான் உன் சீட்டின் முதுகில் போய் மோதினேன், உன் அப்பாவின் கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. டூவீலர்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, திட்டிக்கொண்டே போனார். இனியா கூரை விளிம்பில் நெஞ்சு இடித்து, மூச்சு வராமல் ஒரு நொடி வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகுதான் அழுகை வந்தது. பிரேக் விழுந்த வேகத்தில் அவள் கால் நழுவி, பிரபு கையில் கொலுசுதான் மிச்சம் இருந்தது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். ஒரு சாக்லேட் கொடுத்தீர்கள். முடிந்தது.

மண்டபத்தில் மணமகள் அறையில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை மாற்றினோம். கவிதா அவள் சட்டையைக் கழற்றியதும்தான் பார்த்தோம். நெஞ்சின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை சிவந்து கன்றியிருந்தது. அங்கே வந்திருந்த, டாக்டராக இருக்கும் உறவுக்காரப் பெண் தொட்டுப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் கவிதா உட்கார்ந்தாள். உன்னிடம் காட்டலாம் என்று தேடிக்கொண்டு வந்தேன். நீ பந்தியில் நான்கு பேரைச் சுற்றி நிற்க வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய்.

"நான் கால வைக்கவே இல்ல மாமா. அதுவா புடிச்சுது. இன்னா டெக்னாலஜி தெரியுமா?"

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கார் தன் வேலையைச் செய்தது, மகனே. அதைக் கட்டியவர்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பெல்ட் போட்டிருப்பார்கள் என்று நம்பித்தான் அந்த பிரேக்கை அத்தனை வேகமாக விழும்படி செய்திருக்கிறார்கள். கட்டி உட்கார வைத்த குழந்தைக்கு அது காவல். கூரைக்கு வெளியே நிற்கும் குழந்தையை அதே பிரேக் தூக்கி ரோட்டில் எறிந்திருக்கும். இது உனக்குத் தெரியாதது இல்லை. பொம்மையின் தலை எங்கே போகிறது என்று எனக்குக் காட்டியவனே நீதான். பொம்மைக்கு ஒரு நியாயம், உன் பிள்ளைக்கு ஒரு நியாயமா? பந்தியில் வாழையிலை முன்னால் இதைக் கத்தியிருப்பேன். கல்யாண வீடு. அதனால்தான் சாவியைக் கேட்டேன்.

உறை நல்ல தடிப்பு. கடைக்காரர் வேலையில் குறை சொல்ல முடியாது, தையல் அத்தனை உறுதி. கிழித்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, லாக்குகள் ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து நிமிர்த்தினேன். பெல்ட்டை மாட்டிப் பார்த்தேன். டிக். எத்தனை வருடம் கழித்துக் கேட்ட சத்தம் அது. முன் சீட் லாக்கில் சொருகியிருந்த அந்தப் பிள்ளையார் கிளிப்பையும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, சாமி படம் இருக்கிறதே. நம் வீட்டுப் பூஜை அறையில் வைத்திருக்கிறேன், அவர் அங்கே இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்து நீங்கள் சென்னைக்குக் கிளம்பியபோது நானும் அப்பாவும் தங்கை வீட்டில் தங்கிவிட்டோம். பிரபுவும் ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டான். கவிதாவிடம் மட்டும் சொன்னேன், பின்னால் லாக் வெளியே வந்துவிட்டது, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக் கட்டி உட்கார வை என்று. பெரியவர்கள் பெல்ட் அந்த வயதுக் குழந்தைக்குச் சரியாக இருக்காது, கழுத்தில் உரசும். குழந்தை சீட்தான் வேண்டும். அது பரணில் இருக்கிறது, என்ன செய்வது. கவிதா சரி என்று தலையாட்டினாள். சென்னை வரை அவளும் கட்டிக்கொண்டுதான் வந்தாள். பின்னால் இரண்டு டிக் கேட்டிருக்குமே, உனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லையா? வண்டியைக் கழுவும்போது கிழிசலைப் பார்த்துத்தான் உனக்கு மூச்சடைத்ததாம். குழந்தை நெஞ்சில் இருந்த கன்றலை நீ எப்போது பார்த்தாய்? பார்த்தாயா?

நேற்று கவிதா போன் செய்தாள். நீ வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேவலமாகப் பேசினாயாம், போலீஸில் சொல்லுவேன் என்றாயாம். அந்த மனிதர் அன்று காலையிலிருந்து வெயிலில் நின்று விசிலடித்து, உன் கார் எதிலும் உரசாமல் நிறுத்த இடம் பிடித்துக் கொடுத்தவர். சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போய், முன்பிருந்தது போலவே மூடித் தைக்கப் போகிறாயாம். எல்லோரும் பார்க்க எழுதப்போகிறேன், உன் பெயரும் அதில் வரும், பரவாயில்லையா என்று கேட்டேன்.

"எழுதுங்க அத்தை. நான் சொன்னா சண்டையாவுது. பாப்பா ராத்திரி திரும்பிப் படுத்தா நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்துக்குது" என்றாள்.

அவளிடம் கோபப்படாதே. கோபம் வந்தால் கடலூருக்கு வா, நான் இருக்கிறேன். உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாட்ச்மேனிடம் பேசு. பரணிலிருந்து அந்தக் குழந்தை சீட்டை இறக்கு. கூரைக் கண்ணாடி வழியே வானத்தைப் பார்க்கட்டும், உட்கார்ந்து பார்க்கட்டும். நீ நல்ல டிரைவர், அது எனக்குத் தெரியும். உன்னை நம்பி ரோட்டில் இறங்கலாம், எதிர்த்திசையில் வருகிறவனை எப்படி நம்புவது? பிரபுவுக்கும் ஒரு வார்த்தை: தம்பி, உன் மேல் எனக்கு விரோதம் இல்லை, ஆனால் அந்த வீடியோவை இன்றைக்கே அழித்துவிடு.

சனிக்கிழமை கடைக்குப் போவதானால் தாராளமாகப் போ. லாக்குகள் வெளியே தெரிகிற மாதிரி ஓரத்தை அழகாக மடித்துத் தைத்துத் தரச் சொல். முன்பு போலவே மூடித் தைத்தாயானால் அதற்கும் நான் தயார்தான். பங்குனியில் இனியா பிறந்தநாளுக்கு எப்படியும் சென்னை வருகிறேன், அந்தக் காரில்தான் நீ என்னை அழைத்துப் போக வருவாய். பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் அம்மா